முள் அசையாத சிலிண்டர்

இப்போது ஆபரேஷன் தியேட்டர் சுவரிலேயே வாயுக் குழாய் வந்துவிட்டது. ஆக்சிஜனுக்கு ஒன்று, தூங்க வைக்கும் நைட்ரஸுக்கு ஒன்று. எது குறைந்தாலும் மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, கட்டிடமே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. மயக்க மருந்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். சமாளித்த கதைகளைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சமாளிக்காத கதை ஒன்றை எழுதித் தருகிறேன். மேடையில் நின்று சொன்னால் சில இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன், அதனால்தான் எழுத்து.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்த்தேன். பழைய வீடு ஒன்றை இடித்தும் இடிக்காமலும் கட்டிய இடம். இரண்டு தியேட்டர். இரண்டுக்கும் சேர்த்து மயக்க மருந்து கொடுக்க ஒரே டாக்டர், கூட நிற்க ஒரே டெக்னீஷியன். அந்த டெக்னீஷியன் நான். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டர்கூட ஒன்றுதான். எந்தத் தியேட்டரில் ஆள் மோசமோ அங்கே போகும்.

டாக்டர் அந்தப் பக்கத்துக்காரர், மாடவீதியில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவர். கோபம் வந்தால் அவர் குரல் தாழும், உயராது. சர்ஜன் இதற்கு நேர் எதிர். கை தங்கம், வாய் நெருப்பு. கேட்ட கத்தி ஒரு நொடி தாமதமாக வந்தாலும் தட்டு பறக்கும். அவர் இருக்கும் தியேட்டரில் நான் இருமலைக்கூட அடக்கிக்கொண்டுதான் நிற்பேன்.

அந்தக் காலத்தில் எங்கள் முறை எளிமையானது. முதலில் தூங்க ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி, தசைகள் தளர ஒரு ஊசி. அதற்குப் பிறகு ஆள் தூக்கத்திலேயே இருப்பது நைட்ரஸ் வாயுவால். தசை தளர்ந்த ஆள் தானாக மூச்சு விட முடியாது. தொண்டையில் குழாய் போட்டு, கறுப்பு ரப்பர் பையைப் பிசைந்து நாம்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். இதில் இருக்கும் ஆபத்து உங்களுக்குப் புரிகிறதா? நைட்ரஸ் நின்றால் ஆள் விழித்துக்கொள்ளலாம். ஆனால் விழித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது.

மயக்க மெஷினில் நைட்ரஸுக்கு இரண்டு சின்ன நீல சிலிண்டர்கள் மாட்டியிருக்கும். ஒன்று ஓடும், மற்றது கையிருப்பு. எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு முள். ஆக்சிஜனுக்கும் அப்படியே ஒரு முள். ஆக்சிஜன் முள் பாதியில் நின்றால் சிலிண்டரில் பாதி இருக்கிறது. நைட்ரஸ் முள்ளையும் நான் அப்படியேதான் படித்தேன், பல வருடமாக. நைட்ரஸ் சிலிண்டரைத் தூக்கும்போது உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ அலம்பும். கேட்டிருக்கிறேன். அது ஏன் என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. வேலை ஓடுகிறதே, அப்புறம் எதற்குக் கேள்வி என்ற புத்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை நீண்ட ஆபரேஷன். ஓடிக்கொண்டிருந்த நைட்ரஸ் சிலிண்டரின் உடம்பெல்லாம் பனி பூத்து, முள் இறங்க ஆரம்பித்தது. தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் திருப்பி அனுப்பும் முன்னால் சும்மா மாட்டிப் பார்த்தேன். முள் ஜம்மென்று மேலே ஏறி, புது சிலிண்டருக்கு நிற்கும் கோட்டிலேயே நின்றது. அடடா, நிறைய இருக்கிறதே, நல்லவேளை அனுப்பவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். சிலிண்டர் லாரி அந்த வாரம் வருமா வராதா என்று தெரியாத நேரம். சாக்பீஸை எடுத்து அதன் மேல் 'ஃபுல்' என்று எழுதிக் கையிருப்பு இடத்தில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜெசிந்தா மிஸ்ஸுக்குத் தைராய்டு ஆபரேஷன். சாந்தோம்காரர். ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுப்பவர், நாற்பது வயது தாண்டியவர். கழுத்தில் ஒரு பக்கம் கட்டி. அந்தப் பாதியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. படுக்கும்போதே, "டாக்டர், லீவு முடியறதுக்குள்ள எனக்குக் குரல் வந்துடணும், என் பொண்ணுங்களுக்கு நான் கத்தினாதான் கேட்கும்," என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசி போட்டார்.

அடுத்த தியேட்டரில் அதே நேரம் அவசர சிசேரியன். அங்கே முதுகில் ஊசி போட்டுவிட்டுத்தான் டாக்டர் எங்கள் பக்கம் வந்திருந்தார். அரைமணி ஆகியிருக்கும், சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "டாக்டர், குழந்தை அழல."

டாக்டர் ரப்பர் பையை என் கையில் கொடுத்தார். "பாத்துண்டிரு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்." போய்விட்டார். சிஸ்டரும் கூடவே போய்விட்டார். தியேட்டரில் சர்ஜன், அவருடைய உதவி டாக்டர், கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ், நான். அவர்கள் மூவருக்கும் கையுறை போட்ட கை, எதையும் தொட முடியாது. என் இரண்டு கையில் ஒன்று பையில், ஒன்று நோயாளியின் நெற்றிப் பொட்டில், நாடி பார்த்துக்கொண்டு.

ஓடிக்கொண்டிருந்த சிலிண்டர் தீரும் நிலைக்கு வந்தது. அதை மூடிவிட்டு 'ஃபுல்' எழுதிய சிலிண்டரைத் திறந்தேன். முள் விறைப்பாக முழுக் கோட்டில் நின்றது. பத்து நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம் சரிய ஆரம்பித்தது. பாதிக் கோட்டுக்கு வந்தபோது, இன்னும் பாதி இருக்கிறது, அரைமணி தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறேழு நிமிடத்தில் முள் அடியில் படுத்துவிட்டது. வாயு ஓடுவதைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும். அது தொப்பென்று கீழே விழுந்தது.

ஆக்சிஜனை நன்றாகத் திறந்துவிட்டேன். உயிருக்கு ஆபத்தில்லை, அது தெரியும். தூக்கத்துக்கு என்ன வழி? வேறு சிலிண்டர் வெளியே. பையை விட்டுவிட்டு நான் போக முடியாது. டாக்டர் இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று கதவையே பார்த்தேன்.

சர்ஜன் வேலை செய்துகொண்டே உதவி டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெசன்ட் நகரில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறாராம். "எல்லாம் பிரமாதம்யா. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. எங்கம்மா முட்டியை வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவா?"

"கீழ் வீடு கிடைக்கலையா சார்?"

"அதுல ஒரு வக்கீல் உக்காந்திருக்கான்."

என் விரலுக்கடியில் நாடி தடதடவென்று ஓட ஆரம்பித்தது. துணியைக் கொஞ்சம் தூக்கி முகத்தைப் பார்த்தேன். கண்கள் மூடி, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிளாஸ்திரியின் ஓரத்திலிருந்து கண்ணீர் இறங்கி காதுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயங்களில் ஒன்று அது. கண்ணீர் வந்தால் தூக்கம் போதவில்லை. தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன்? பஞ்சை எடுத்துத் துடைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தேன்.

"சார், நிறுத்துங்க, நைட்ரஸ் போச்சு." நாலு வார்த்தைதான். சொல்லியிருந்தால் சர்ஜன் கத்தியிருப்பார், தட்டைப் பறக்க விட்டிருப்பார், ஆனால் கையை நிறுத்தியிருப்பார். யாராவது ஓடிப் போய் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், ஒரு ஊசியில் அந்த அம்மாள் மறுபடி தூங்கியிருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. சர்ஜன் மேல் பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதி உண்மை. இதோ டாக்டர் வந்துவிடுவார், யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்ற நப்பாசைதான் மீதி. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது.

கடைசியில் சிஸ்டர் எட்டிப் பார்த்தார். கண்ணாலேயே சிலிண்டர் பக்கம் ஜாடை காட்டினேன். அவர் பக்கத்துத் தியேட்டரிலிருந்து ஒரு நீல சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டினார். குண்டு எழும்பி மிதந்தது. நாடி மெல்ல அடங்கியது. அதற்கப்புறம் டாக்டர் வந்தார், சட்டையெல்லாம் வியர்வை.

"குழந்தை அழுதுடுத்து. இங்க எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எது எவ்வளவு ஓடுகிறது என்று சார்ட்டில் எழுத வேண்டும். விட்டுப்போன கட்டங்களை நான்தான் நிரப்பினேன். நைட்ரஸ் ஆறு, ஆக்சிஜன் மூன்று. நைட்ரஸ் ஆறு, ஆக்சிஜன் மூன்று. ஒரு கட்டம்கூட விடாமல், அழகான கையெழுத்தில்.

இரண்டு நாள் ஜெசிந்தா மிஸ் யாரோடும் பேசவில்லை. தொண்டை வலி என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் சர்ஜன் பார்க்க வந்தபோது கரகரத்த குரலில் சொன்னார். "நான் முழிச்சிருந்தேன் டாக்டர். நீங்க வெட்டும்போது முழிச்சிருந்தேன். மூணாவது மாடி, லிஃப்ட் இல்லன்னீங்க."

சர்ஜன் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்தார். "கனவும்மா. அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும். பிளாட் விஷயம் நான் எல்லார்கிட்டயும் புலம்பிக்கிட்டு இருக்கேன், உங்க காதுலயும் விழுந்திருக்கும்."

அன்று மாலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் போயிருந்தேனே, அப்போ நைட்ரஸ் ஒழுங்கா ஓடித்தா?"

"ஓடிச்சு சார். சார்ட்ல இருக்கே."

அவர் சார்ட்டைப் பார்த்தார். அந்த அம்மாளின் அறைக்கு அதைக் கொண்டுபோய்ப் பொறுமையாகக் காட்டினார். நான் வாசலில் நின்றேன். ஜெசிந்தா மிஸ் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். அளவு எடுத்து எழுதியதை நம்பு என்று இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்போ எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு," என்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மாடிப்படி ஏறிப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. புற்றுநோய். மீதிப் பாதியையும் உடனே எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். ஜெசிந்தா மிஸ் முடியாது என்றுவிட்டார். செத்தாலும் பரவாயில்லை, இனிமேல் அந்த மேஜையில் படுக்க மாட்டேன் என்றார். மனநல டாக்டர் ஒருவரை வரவழைத்துப் பேசச் சொன்னார்கள். அவரிடமும் அதே பதில்.

அவர் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், வாட்டசாட்டமான ஆள். ஒரு மத்தியானம் எங்கள் வாசல் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். டீயை வாங்கியவர் குடிக்கவில்லை.

"சார், நீங்க உள்ள இருந்தீங்கள்ல. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்க வூட்ல புத்தி கலங்கிக்கினு போவுதா சார்? கண்ண மூட பயந்துக்கினு உக்காந்தே கீது. ஆபரேஷனுக்கு வானா, செத்துப் போறேன்னுது. இன்னா சார் பண்ணட்டும் நானு?"

அவ்வளவு பெரிய ஆள், நடுத்தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். நான் அழுத்தமான ஆள்தான், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். ஆனாலும் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அந்த அம்மாள் சாவது புற்றுநோயால் இல்லை, என் கையெழுத்தால் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டம்ளரை வைத்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸ், பன்னிரண்டு நிமிடம், கண்ணீர், சார்ட். டாக்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்த குரலில், "என்கிட்ட ஏன் சொல்றே? யார்கிட்ட சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு. நானும் வரேன். உன்னை நம்பி விட்டுட்டுப் போனவன் நான்தானே," என்றார்.

சர்ஜனுக்கும் விஷயத்தைச் சொன்னார். சர்ஜன் பதறிப்போனார். "கேஸ் போட்டாங்கன்னா என்ன சார் பண்றது?" "போடட்டும்," என்றார் டாக்டர். அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சாந்தோம் போனேன். வழியெல்லாம் வெயில் கொளுத்தியது.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஜெசிந்தா மிஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் கட்டு. நான் நின்றுகொண்டே சொன்னேன். "மிஸ், அது கனவு இல்ல. நைட்ரஸ் தீர்ந்துபோச்சு. பன்னெண்டு நிமிஷம். சார்ட்ல நான் எழுதினது பொய்."

அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது வேறு. வகுப்பில் விடை சொன்ன மாணவியை அடுத்த கேள்வி கேட்பது போலக் கேட்டார். "எப்படித் தீர்ந்தது? கேஜ் முள் இருக்குமே. பாக்கலையா?"

"பாத்தேன் மிஸ். முழுசா காட்டிச்சு."

"அதெப்படி முழுசா காட்டும்? முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னேன். பனி பூத்தது, முள் இறங்கியது, ஒரு ராத்திரி சும்மா வைத்தபின் தானாக ஏறியது, தூக்கினால் உள்ளே அலம்புவது. அவர் கண் சுருங்கி விரிந்தது. கணவரிடம் பென்சிலும் தாளும் கேட்டு வாங்கினார். எங்களுக்காக இல்லை, தனக்காகத்தான் எழுதினார் என்று இப்போது தோன்றுகிறது.

"உள்ள இருக்கறது வெறும் வாயு இல்ல சார். அழுத்தி அழுத்தி திரவமாக்கி வெச்சிருக்காங்க. அடியில திரவம், மேல அதோட ஆவி. ரெண்டும் சேர்ந்து இருக்கற வரைக்கும், நீங்க எவ்வளவு ஆவியை எடுத்தாலும் திரவம் கொதிச்சு அந்த இடத்தை நிரப்பிடும். அழுத்தம் மாறாது. எங்க வீட்டு கேஸ் அடுப்பைப் பாருங்க, தீரப்போற அன்னிக்கும் அதே தீதான் எரியும். தீயைப் பாத்து எவ்வளவு மிச்சம்னு சொல்ல முடியுமா?"

"முடியாது மிஸ்."

"கொதிக்கறதுக்குச் சூடு வேணும். அதை எங்கேருந்து எடுக்கும்? தன் உடம்புலேருந்தே எடுக்கும். அதான் பனி. குளிர்ந்தா அழுத்தம் குறையும், முள் இறங்கும். சும்மா வெச்சா ரூம் சூடு ஏறும், முள் பழைய இடத்துக்கு வந்துடும். உள்ள ஒரு கரண்டி திரவம் இருந்தாலும் வந்துடும்." பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க பாத்தது அளவு இல்ல. சூடு. அந்த முள் உங்களுக்கு ரூம் எவ்வளவு சூடா இருக்குன்னு சொல்லிச்சு, அவ்வளவுதான். கடைசிச் சொட்டு திரவம் போனப்புறம்தான் அது உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சிருக்கு. அதுக்குள்ள உங்களுக்கு நேரம் போயிடுச்சு."

டாக்டர் தலை குனிந்திருந்தார். "ஆக்சிஜன் அப்படி இல்ல, இந்தச் சூட்டுல அது திரவமே ஆகாது. இதெல்லாம் நானும் படிச்சவன்தான். இவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். இவனுக்குத் தெரியும்னு நினைச்சுண்டேன்."

ஜெசிந்தா மிஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தானே மெதுவாகச் சொன்னார். "எல்லாம் பொருந்துது. நான் சரியாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல." கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார். "வலி இருந்தது. தாங்கிக்கலாம்னு கூட சொல்லலாம். என்னால சொல்ல முடியலையேங்கறதுதான்..." முடிக்கவில்லை. "யாரோ என் கண்ணைத் துடைச்சாங்க. அப்பாடா, ஒருத்தருக்குத் தெரிஞ்சுடுச்சு, இப்ப நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன். அது யாரு?"

"நான்தான் மிஸ்."

"தெரிஞ்சே துடைச்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"வெளிய போங்க," என்றார். போனேன். சந்து முனையில் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். டாக்டர் வந்து ஸ்கூட்டரை எடுத்தார், பின்னால் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் நர்சிங் ஹோமில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான் என்று வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு வாரம் போனது. டாக்டரே கோடம்பாக்கத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். ஆபரேஷனுக்கு ஜெசிந்தா மிஸ் சம்மதித்துவிட்டார், மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார் என்றார். மேஜையை விட்டு டாக்டர் ஒரு நொடியும் நகரக் கூடாது. ஒவ்வொரு நைட்ரஸ் சிலிண்டரையும் அவர் கண் முன்னால் எடை போட வேண்டும். மூன்றாவது, கண்ணைத் துடைத்தவர் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

"நானா? என்னையா சார்?"

"நானும் கேட்டுட்டேன். 'எனக்கு அவர் மேல நம்பிக்கை இல்ல டாக்டர், ஆனா இனிமே அவரால கண்ணை எடுக்க முடியாது'ன்னா."

ஆபரேஷன் அன்று காலை ஜெசிந்தா மிஸ் தியேட்டர் வாசலில் டிராலியில் படுத்திருந்தார். காலி சிலிண்டரின் எடையை அந்தச் சிலிண்டரின் கழுத்திலேயே எண்ணாகக் குத்தியிருப்பார்கள். அத்தனை வருடம் அந்த எண்ணை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். எங்களிடம் தனியாகத் தராசு கிடையாது, நோயாளிகள் ஏறி நிற்கும் எடை மெஷின்தான். முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன். பிறகு சிலிண்டரைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நர்ஸ்கள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெசிந்தா மிஸ் படுத்தபடியே என் எடையையும் குத்திய எண்ணையும் கழித்துக் கணக்குப் போட்டார். இரண்டாவது சிலிண்டரில் கணக்கு இடித்தது. "இது முக்கால்தான் இருக்கு. வேற கொண்டு வாங்க," என்றார். அதன் முள் முழுசாகத்தான் நின்றது. வேறு கொண்டுவந்து, மறுபடி ஏறி நின்றேன்.

"சரி," என்றார். உதடு காய்ந்திருந்தது. உள்ளே போனபோது அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். தலைமாட்டில் என் இடத்தில் போய் நின்றேன். ஊசி ஏறியது, விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பக்கத்துத் தியேட்டரில் அன்று வேறு ஆபரேஷன் வைக்க வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சர்ஜன் வாய் திறந்து பேசியது கத்தியும் நூலும் கேட்க மட்டும்தான். நான் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தேன். என் விரலுக்கடியில் நாடி கடைசிவரை நிதானமாக ஓடியது. முடியும்போது என் முதுகு மரத்துப்போயிருந்தது.

நீங்கள் இனி நிறைய மெஷின்களோடு வேலை செய்வீர்கள், என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஒரு முள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். தப்பு நடந்தால் அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், அடுத்த நிமிடம் இன்னும் கஷ்டமாகிவிடும். கட்டத்தில் பொய் எழுதாதீர்கள். இதற்கு மேல் எனக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை இல்லை.

குழாயை எடுத்து, பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். ஜெசிந்தா மிஸ் கண்ணைத் திறக்க நேரம் ஆனது. கணவர் கால்மாட்டில், டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அவர் கூரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் சார் என்னை இப்படியே படுக்க வெப்பீங்க? எப்போதான் ஆரம்பிப்பீங்க?"